பத்து விரலும் பொய்

பூவரச மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதன்மேல் வெற்றிலைப் பெட்டி அளவுக்கு ஒரு மிஷின். பாம்பன் தீவில் ஒரு மீனவக் குடியிருப்பு, மாதத்தின் முதல் வாரம். மணலில் பத்துப் பதினைந்து கிழவிகளும் நாலைந்து கிழவர்களும் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். வங்கி சார்பில் பென்ஷன் கொடுக்க வந்திருப்பது அந்தப் பக்கத்துப் பெண்தான். அதனால் முறை சொல்லித்தான் கூப்பிடுகிறாள்.

"அப்பத்தா, வலது கட்டை விரலை வைங்க."

வைத்தார்.

"எடுக்கலை. நல்லாத் துடைச்சிட்டு வைங்க."

முந்தானையில் துடைத்து வைத்தார். எடுக்கவில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல், பிறகு இடது கை. யாரோ தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தார்கள். யாரோ எலுமிச்சம்பழத் தோலைத் தேய்க்கச் சொன்னார்கள். எல்லாம் செய்து பார்த்துப் பத்து விரலும் முடிந்தது. மிஷினில் சிவப்பு விளக்கு மட்டும் விடாமல் எரிந்தது.

"ரேகையே இல்லை அப்பத்தா. தேஞ்சு போச்சு."

"தேஞ்சது விரலுதானேடி தாயி. நான் இருக்கேன்ல?"

"இருக்கீங்க. மிஷினுக்குத் தெரியலையே. ஆதார் அப்டேட் பண்ணிட்டு வாங்க."

அந்தப் பெண்ணைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? அவளும் கமிஷனுக்கு வேலை பார்க்கிறவள். எனக்கு வேறொரு சந்தேகம் வந்தது. நம் அரசாங்கத்துக்குக் கைரேகையில் இவ்வளவு நம்பிக்கை எப்போது வந்தது? கோயில் வாசலில் கிளிக்கூண்டோடு உட்கார்ந்திருக்கும் சோசியன்கூட, ரேகை மங்கலாக இருந்தால் "உழைச்ச கை தாயி" என்று நாலு நல்ல வார்த்தை சொல்லித்தான் காசு வாங்குவான். அரசாங்கத்தின் மிஷின் உழைத்த கையைப் பார்த்தால் "ஆளே இல்லை" என்கிறது.

அந்த ரேகை எங்கே போனது என்று சொல்லிவிடுகிறேன். மன்னார் வளைகுடாவின் பாறைகளில் போனது. அந்தக் கிழவி சிறுவயது முதல் பாசி எடுத்தவர். பாசி என்றால் ஊசிமணி பாசிமணி இல்லை, கடற்பாசி. கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணியைச் சுற்றி, மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் பிய்த்து இடுப்பில் கட்டிய பைக்குள் போட வேண்டும். துணி எத்தனை சுற்றுச் சுற்றினாலும் பாறை அதைக் கிழித்துவிட்டு விரலுக்குத்தான் வரும். மேலே உப்பு. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதம் பன்னிரண்டு நாளுக்கு மேல் எடுப்பதில்லை என்று பாசி எடுக்கும் பெண்கள் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். மீன் குஞ்சு பொரிக்கும் காலத்திலும் விட்டுவிடுவார்கள். எந்த அரசாணையும் சொல்லாமலேயே.

அரசாணை சொன்னது வேறு. 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். அதுவரை தொழிலாளியாக இருந்த பெண்கள் மறுநாள் காலையில் அத்துமீறியவர்களாக எழுந்தார்கள். பூங்காவுக்குக் காவல் போட்டாயிற்று. பிற்பாடு பாசிக்கு மரியாதை வந்தது. வலமாவூரில் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்கா என்று 2023-ல் அடிக்கல் நாட்டினார்கள். சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் பெண் ஒருவருக்கு 2015-ல் சீகாலஜி என்ற அமைப்பு அமெரிக்காவில் பரிசு கொடுத்தது. கலிபோர்னியாவரை தெரிந்த இந்தப் பெண்களைப் பூவரச மரத்தடி மிஷினுக்குத்தான் அடையாளம் தெரியவில்லை.

சரி, ரேகை விழுந்தால் என்ன கிடைக்கும்?

மாதம் 1,200 ரூபாய். இதில் மத்திய அரசின் பங்கு 200. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாலும் இருநூறுதான். தேசிய சமூக உதவித் திட்டம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியபோது முதியவருக்கு மாதம் 75 ரூபாய். 2006-ல் அதை 200 ஆக்கினார்கள். அதோடு சரி. அந்த வருடம் பிறந்த பிள்ளை வளர்ந்து ஓட்டுரிமை பெற்றுவிட்டான். இருநூறு மட்டும் அன்று பிறந்த மேனியாகவே கிடக்கிறது. நாளொன்றுக்கு 6 ரூபாய் 67 காசு. டீக்கடையில் நீட்டினால் அரை கிளாஸ் கிடைக்கும், அதுவும் கடைக்காரர் நல்லவராக இருந்தால். ஊரக வளர்ச்சிக்கான நாடாளுமன்ற நிலைக்குழு இந்தத் தொகை போதாது, உயர்த்துங்கள் என்று அறிக்கைக்கு அறிக்கை எழுதிக்கொண்டே இருக்கிறது. 2022-23 பட்ஜெட்டில் இந்தத் திட்டங்களுக்கு ஒதுக்கியது 9,652 கோடி. 2025-26 பட்ஜெட்டில் ஒதுக்கியதும் 9,652 கோடி. விலைவாசி, கிழவர் எண்ணிக்கை, எதுவுமே இந்த எண்ணைத் தொடவில்லை. அப்படியொரு ஸ்திதப்பிரக்ஞை ரிஷிகளுக்குக்கூட வாய்த்ததில்லை.

ஆனால் பாருங்கள், விலைவாசி என்று ஒன்று இருப்பது டெல்லிக்குத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. 2025 மார்ச் 24 அன்று எம்.பி.க்களின் சம்பளம் ஒரு லட்சத்திலிருந்து 1,24,000 ஆக உயர்ந்தது. முன்னாள் எம்.பி.க்களின் பென்ஷன் 25,000-லிருந்து 31,000 ஆனது. அதுவும் 2023 ஏப்ரல் 1 முதல் முன்தேதியிட்டு. காரணம் கேட்டால் பணவீக்கக் குறியீட்டு எண்ணாம். கூட்டியது மட்டும் 6,000 ரூபாய், அதாவது முப்பது கிழவிகளின் மத்திய அரசுப் பங்கு. அதற்கு எந்த முன்னாள் எம்.பி.யும் மணலில் குத்தவைத்து எலுமிச்சம்பழம் தேய்க்கவில்லை. மாண்புமிகுக்களின் விரல்களில் ரேகை பத்திரமாக இருக்கும். தேய்கிற வேலை எதையும் அவை பார்த்ததில்லை.

இங்கே சென்னையைத் தப்பிக்க விட்டால் பாவம். முதியோர் உதவித்தொகையை நாட்டுக்கு முன்னால் கொடுத்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 1962 ஏப்ரலில் மாதம் 20 ரூபாயாக ஆரம்பித்தது. பெருமைதான், மறுக்கவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சேலை, வேட்டி உண்டு. அரிசி உண்டு. 2011-ல் ஆயிரமாக்கினார்கள். அடுத்த உயர்வு 2023-ல். பன்னிரண்டு வருடம் யோசித்து எவ்வளவு கூட்டினார்கள் என்று நினைக்கிறீர்கள்? இருநூறு. டெல்லிக்கும் சென்னைக்கும் எதில் ஒத்துப்போனாலும் போகாவிட்டாலும் இந்த எண்ணில் அப்படியொரு இணக்கம். இணையத்தில் கட்சிக்காரர்கள் ஒருவரை ஒருவர் 'இருநூறு ரூபாய்' என்று திட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். உண்மையிலேயே மாதம் இருநூறு வாங்குகிறவள் யாரையும் திட்டாமல் விரலைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

இதைவிட நேர்த்தியான ஒரு கணக்கு இருக்கிறது. எண்பது வயது முடிந்தால் மத்திய அரசின் பங்கு 200-லிருந்து 500 ஆகும். ஆகா, முன்னூறு கூடுமே என்று கிழவி எண்பதைத் தொட்டாள். மாநில அரசு தன் பங்கில் முன்னூறைக் குறைத்துக்கொண்டது. எழுபத்தொன்பதில் 200-ம் 1,000-மும், எண்பதில் 500-ம் 700-மும். கூட்டிப் பாருங்கள். ஒரு கை கொடுப்பதும் இன்னொரு கை எடுப்பதும் அவ்வளவு சுத்தமாக நடப்பதால், எண்பது ஆனதே அவளுக்குத் தெரியாது.

2025 ஏப்ரல் 6, ராமநவமி அன்று புதிய பாம்பன் பாலத்தைப் பிரதமர் திறந்துவைத்தார். செலவு 550 கோடிக்கு மேல். கப்பல் வந்தால் நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே 17 மீட்டர் உயரத்துக்கு எழும்பும். மின்சாரம், மோட்டார், எதிர்எடை, எல்லாம் கச்சிதம். நானும் போய் வாயைப் பிளந்து பார்த்தேன். நிஜமாகவே அழகான வேலை. அத்தனை டன் இரும்பைத் தூக்கக் கற்றுக்கொண்ட நாட்டுக்கு, ஒரு இருநூறு ரூபாயைத் தூக்க எத்தனை குதிரைசக்தி வேண்டும் என்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

பணம் பற்றி இவ்வளவு போதும். பணத்துக்கு முன்னால் ஒரு சொல் இருக்கிறது, அதைக் கடந்துதான் வர வேண்டும். 'ஆதரவற்றவர்.' ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் சொத்து இருக்கக் கூடாது, பார்த்துக்கொள்ள ஆள் இருக்கக் கூடாது. கிராம நிர்வாக அலுவலகத்தில் கேட்கும் முதல் கேள்வி, "மகன் இருக்கானா?" இருக்கிறான் என்றால் ஆதரவு இருக்கிறது. ஆண்பிள்ளை இருந்தால் கிடையாது என்ற பழைய விதியைக் காலப்போக்கில் தளர்த்தினார்கள். கேள்வி தளரவில்லை. இந்தக் கடற்கரையில் மகன் என்பது என்ன? கச்சத்தீவுப் பக்கம் போனவன் திரும்பினால் மகன். திரும்பாமல் யாழ்ப்பாணத்துச் சிறையில் உட்கார்ந்திருந்தாலும் அரசாங்கக் காகிதத்தில் அவன் ஆதரவுதான். அங்கே இருந்துகொண்டு தாயைத் தாங்குகிறான்.

சொந்த ஊரிலேயே கூத்தைப் பாருங்கள். ராமேஸ்வரம், செத்துப்போன தாய் தகப்பனுக்குப் பிண்டம் வைக்க இந்தியா முழுவதிலிருந்தும் மகன்கள் வருகிற ஊர். அக்னி தீர்த்தத்தில் எள்ளும் தண்ணீரும் இறைக்கிறார்கள், ஏழு தலைமுறைக்குப் புண்ணியம் சேர்க்கிறார்கள். உயிரோடு இருக்கிற தாய்க்கு மட்டும் தாங்க ஆளே இல்லை என்று வி.ஏ.ஓ. ஒருவர் எழுதித் தர வேண்டும். செத்தவளுக்கு மகன் கட்டாயம், இருக்கிறவளுக்கு மகன் இடைஞ்சல்.

புண்ணியம் என்றதும் ஞாபகம் வருகிறது. அறநிலையத் துறை 60 முதல் 70 வயதுள்ளவர்களை ராமேஸ்வரத்திலிருந்து காசிக்கு அரசு செலவில் அழைத்துப்போகிறது. 2022-23-ல் 200 பேர் (மறுபடியும் அந்த எண்!), 50 லட்ச ரூபாய். ஆளுக்கு 25,000. போய்வரட்டும், யாருடைய காசிப் பயணத்தையும் நான் கெடுக்க வரவில்லை. வகுத்துப் பார்த்தேன், அவ்வளவுதான். மாதம் 1,200 வாங்குகிறவளுக்கு அது இருபது மாதத்துக்கு மேலான பென்ஷன். எழுபது தாண்டியவள் காசிக்கும் போக முடியாது. அவள் மரத்தடிக்குப் போகலாம்.

எழுபது என்பதைக்கூட யார் சொல்வது? நம் அப்பத்தாவின் வயதைக் கேட்டேன். "புயல்ல எனக்கு எட்டு வயசு" என்றார். பாம்பன் தீவில் புயல் என்றால் ஒன்றுதான். 1964 டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து போன ரயில் பயணிகளோடு கடலுக்குள் போனது, தனுஷ்கோடி என்ற ஊரே போனது. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசாங்கம் அறிவித்தது. ஸ்டேஷன், தபாலாபீஸ், பள்ளிக்கூடம் எல்லாம் போன ஊரில் பிறந்தவளிடம் பிறப்புச் சான்று கேட்டால்? ஆதார் எடுக்க வந்த பையன் கிழவியின் முகத்தைப் பார்த்தான். மதிப்புப் போட்டான். 1-1-1961. நாட்டில் பாதிக் கிழவர்களுக்குப் புத்தாண்டு அன்றுதான் பிறந்தநாள்.

1964-ல் எட்டு வயது என்றால் பிறந்தது 1956. அறுபது முடிந்தது 2016-ல். ஆதார் பையன் கணக்கில் 2021-ல். நடுவில் ஐந்து வருடம், மாதம் ஆயிரம், மொத்தம் 60,000 ரூபாய் அந்தப் பையனின் கண் மதிப்பில் கரைந்தது. இதில் உச்சம் என்னவென்றால், ஆதார் பிறந்த தேதிக்குச் சான்று இல்லை என்று ஆதார் ஆணையமே சொல்லிவிட்டது. 2024-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. இருந்தும் தாலுகா ஆபீஸ் மேஜையில் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். "புயல்ல எட்டு வயசு" என்பதற்கு மேலான சான்று எது? கடலே கையெழுத்துப் போட்ட சான்று அது. நகல் எடுத்து இணைக்க முடியாததுதான் குறை.

ஆஸ்பத்திரிக்கு வருவோம். இதில் எல்லாவற்றையும் திட்ட எனக்கு வாய் வரவில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தபிறகு சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கு வருகின்றன. பையோடு ஒரு பெண் வருகிறாள், பிரஷர் பார்க்கிறாள், அப்பத்தா சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். ரேகை கேட்டு உயிரை எடுப்பதில்லை. ஐ.நா. விருது 2024-ல் கிடைத்தது, கிடைக்கட்டும். வாசலுக்கு வர அரசாங்கத்துக்குக் கால் இருக்கிறது என்பதற்கு இதுவே அத்தாட்சி. என் கோபமே அங்கிருந்துதான் கிளம்புகிறது.

மாத்திரைக்கு மேல் வியாதி போனால் காப்பீட்டு அட்டை. குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம். கேட்கவே நெஞ்சு நிறைகிறது. கிழவி அதை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். ஐந்து லட்சம் வாங்கப் பெரிய ஆபரேஷன் வேண்டும், பெரிய ஆஸ்பத்திரி வேண்டும். அது இருக்கும் ஊருக்குப் போக முந்நூறு ரூபாயும் கூட ஒரு ஆளும் வேண்டும். அந்த முந்நூறு எந்தப் பாக்கேஜிலும் இல்லை. கடற்கரை ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய் நின்றால் முதலில் கிடைக்கும் மருந்து 'ரெஃபர்' என்ற சீட்டு. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். அங்கிருந்து மதுரை நூற்றுப் பதினைந்து. நோயைவிட நோயாளி வேகமாக ஓட வேண்டும்.

அங்கே எய்ம்ஸ் வரப்போகிறதே என்பீர்கள். 2015 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். 2019 ஜனவரி 27 அன்று மதுரை தோப்பூரில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். பாம்பன் பாலத்துக்கு அடிக்கல் அதே வருடம் மார்ச்சில், அதே கையால். கடலுக்கு நடுவே பாலம் எழுந்து நின்று, திறப்பு விழாவும் கண்டுவிட்டது. அன்றைய தேதிவரை காய்ந்த நிலத்தில் நாட்டிய எய்ம்ஸில் ஒரு நோயாளிகூடப் படுக்கவில்லை. ஆனால் மாணவர்கள் சேர்ந்துவிட்டார்கள்! கட்டடம் இல்லாத கல்லூரிக்கு 2022-ல் ஐம்பது பேரைச் சேர்த்து, எங்கே கொண்டுவந்து உட்காரவைத்தார்கள் தெரியுமா? ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில். அதுவே அந்த ஜனவரியில்தான் திறந்த புதுக் கல்லூரி. ஆக, மதுரையில் எய்ம்ஸ் இல்லாததால் மதுரை எய்ம்ஸ் ராமநாதபுரத்தில் இருந்தது. ராமநாதபுரத்தில் வைத்தியம் இல்லாதவர்களை மதுரைக்கு அனுப்பினார்கள். நடுவழியில் பரமக்குடியில் நோயாளியும் எய்ம்ஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருக்கலாம்.

அதிகாரியிடம் கோபம் வந்தால் "தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திருவேன்" என்று மிரட்டுவது இந்த மாவட்டத்தைச் சொல்லித்தான். தண்டனையாக வந்தவர் என்ன செய்வார், மாற்றல் உத்தரவுக்குக் காத்திருப்பார். மத்திய அரசு 2018-ல் பெயரை மாற்றிப் பார்த்தது. முன்னேற விழையும் மாவட்டம் என்று 112 மாவட்டங்களைப் பொறுக்கியபோது ராமநாதபுரமும் அதில் ஒன்று. விழைவுக்கு ஒன்றும் குறைவில்லை. திங்கட்கிழமை தவறாமல் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மஞ்சப்பையோடு வந்து விழைந்துகொண்டு நிற்கிறார்கள்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். கிழவியைத் தேடி அவள் வீட்டுக்கே அரசாங்கம் போக முடியாதா? ஆள் பற்றாக்குறை, வண்டி இல்லை, விதியில் இடமில்லை, தொழில்நுட்பக் கோளாறு என்று அடுக்குவார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தல் ஞாபகம் இருக்கிறதா? 85 வயது தாண்டியவர்கள் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம் என்றார்கள். முன்கூட்டியே படிவம் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிறகு நாள் குறித்து அதிகாரிகள் வந்தார்கள், கூடவே போலீஸ் வந்தது, வீடியோ எடுக்க ஆள் வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் அட்டைத் தடுப்பு வைத்து, ரகசியம் காத்து, கிழவி போட்ட ஓட்டை உறையில் வைத்து ஒட்டி, முத்திரை வைத்து எடுத்துப் போனார்கள். ஒரே ஒரு கிழவிக்காக மணலில் ஜீப் புதைந்து, அதைத் தள்ளிக்கூட விட்டிருப்பார்கள். வாங்கிப்போக வரும்போது வண்டி இருக்கிறது, ஆள் இருக்கிறது, போலீஸ் பாதுகாப்புகூட இருக்கிறது. கொடுக்க வரும்போதுதான் ஒரு ஸ்டூல்.

அன்று எவனும் ரேகை தேய்ந்திருக்கிறது, நீ நீ இல்லை என்று சொல்லவில்லை. வாக்குச்சாவடிக்கு வந்த கிழவிகளின் தேய்ந்த விரலிலும் மையை நன்றாகவே வைத்தார்கள். மை பிடித்தது.

மரத்தடியில் மிஷினை மூடிப் பைக்குள் வைத்தாள் அந்தப் பெண். அப்பத்தா எழுந்து முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

"நாளைக்கு ராமேஸ்வரத்துல ஆதார் சென்டர்ல போய்ப் பாருங்க அப்பத்தா. காலையிலேயே போயிருங்க, டோக்கன் முடிஞ்சிரும்."

"நாளைக்கு எங்கடி போறது. அமாவாசை வருது, பாசிக்குப் போகணும். நீ காசு குடுத்திருந்தா இந்த மாசம் போயிருக்க மாட்டேன்."

வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கிய கண்ணாடியை எடுத்து ஊதித் துடைத்தார். பழைய சேலையிலிருந்து நீளமாக ஒரு துண்டு கிழித்தார். பத்து விரலுக்கும் காணுமா என்று பிடித்துப் பார்த்துவிட்டு, இன்னொரு துண்டு கிழித்தார்.